லட்சக்காவும் பதினோரு கயிறும்

லட்சத்துக்குக் கீழே ஓர் எண் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால், "லட்சம் வருஷமா நிக்கிறேன், காலு ரெண்டும் வேர் விட்டுடுச்சு" என்பாள். ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவை தும்மினால், "லட்சம் தும்மல் தும்மிட்டான் டீச்சர், வண்டிக் கூரை பறக்காததுதான் பாக்கி" என்பாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன டிரைவர் அண்ணன் ஒரு நாள் அவளுக்கு 'லட்சம்' என்றே பேர் வைத்துவிட்டார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து லட்சக்கா ஆக்கினார்கள். அவளுடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் எங்கோ தூங்குகிறது. தூங்கட்டும், பாவம்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சிறப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டு அறைகளில். இல்லை, அறைகளில் அல்ல; அந்த அறைகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் வேனில். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்து, மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. வாசல் படியை இடித்துச் சரிவுப் பாதை போட்டார்கள். கதவை அகலமாக்கினார்கள். இரண்டாவதாக ஒரு டீச்சரைப் போட்டார்கள். ஒரு வேன் கொடுத்தார்கள். வேனில் பிள்ளைகளைத் தூக்கி உட்கார்த்தி, பெல்ட் மாட்டி, வாய் துடைத்து, வேடிக்கை காட்டிக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவளே போதும் என்று ஆள் எடுத்த ஒரே வேலை அதுதான். லட்சக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

வண்டியில் பதினோரு பிள்ளைகள். எல்லோருக்கும் பேர் வைத்தவள் அவள்தான். யார் எங்கே உட்கார வேண்டும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டும் பதினான்கு வயதுப் பையன் மேனேஜர். ஐம்பத்திரண்டு கிலோ. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவனை இறக்கி முடிப்பதற்குள் லட்சக்காவுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் இடுப்பு எலும்பு இடம் மாறிவிடும். ஒரே ஒரு வரியைக் காலையிலிருந்து சாயந்தரம்வரை முணுமுணுக்கும் சிறுமி பாட்டுக்காரி. கழுத்து நிற்காமல், இருக்கையில் சாய்ந்தபடி உலகத்தையே அரைக் கண்ணால் பார்க்கும் ஒன்பது வயதுப் பையன் துரை.

"துரைக்கு இன்னைக்கு என்ன உத்தரவு?" என்று லட்சக்கா தினமும் கேட்பாள். துரைக்குப் பேச்சு வராது. ஓரமாகச் சிரிப்பான். அன்றைக்கு அவளுக்கு அதுவே சாப்பாடு.

வண்டி ஒவ்வொரு வாசலிலும் முப்பது விநாடிதான் நிற்கும். பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். அந்த முப்பது விநாடிக்குள் பெற்றவர்கள் ஒரு மூட்டை சேதியை அவிழ்ப்பார்கள். ராத்திரி வலிப்பு வந்துச்சுக்கா. விடிய விடியத் தூங்கலக்கா. நேத்து அவனே சட்டையைக் கழட்டினான், டீச்சர்கிட்ட சொல்லுங்கக்கா. லட்சக்காவுக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுதுவாள். ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் வண்டி பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் தலையிலேயே ஏற்றிக்கொண்டு போய் டீச்சரிடம் இறக்குவாள்.

முதல் வருஷம் ஒரு நாள் தலை சறுக்கிவிட்டது. வாந்தி எடுத்தவள் பாட்டுக்காரி. லட்சக்கா போய்ச் சொன்னது மேனேஜரை. சாயந்தரம்வரை மேனேஜர் பட்டினி, பாட்டுக்காரிக்கு ரெண்டு டம்ளர் பால். மேனேஜர் பசியில் மேசையைத் தட்டித் தட்டி அறையையே ஆட்டினான். பாட்டுக்காரி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மூன்று நாளும் லட்சக்கா யாரையும் கிண்டல் செய்யவில்லை. "வண்டியில என்ஜின் ஓடற சத்தம் அன்னைக்குத்தான் எனக்கே கேட்டுச்சு" என்று டிரைவர் அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

நாலாம் நாள் அவள் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து கிளிப்புகளை உருவிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதன் பையில் சிவப்புக் கிளிப்பு. தூங்கவில்லை என்றால் மஞ்சள். புதிதாக ஏதாவது செய்திருந்தால் பச்சை. வீட்டில் அழுகை, சண்டை, மனசு சரியில்லை, கொஞ்சம் மெதுவாகக் கையாளுங்கள் என்றால் நீலம். கிளிப்பைப் பார்த்தால் போதும், அதை மாட்டிய வாசலும் சொன்ன வாயும் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். டீச்சர் காலையில் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டே கேட்டு, அன்றைக்குச் செய்ய வேண்டியதை நோட்டில் நாலு வார்த்தை எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு ஒரு சேதிகூட இடம் மாறியதில்லை.

இந்த நேரத்தில்தான் திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்க மேலிடத்திலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவள் ஒரு சின்னப் பெண். கையில் எந்நேரமும் ஒரு கண்ணாடிப் பலகை, அதில் விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். டிரைவர் அண்ணன் பார்த்த உடனே பேர் வைத்துவிட்டார்: பலகை மேடம்.

முதலில் பெற்றோருக்குப் படிவம் கொடுத்தனுப்பினார்கள். பன்னிரண்டு கேள்வி. பதினோரு பைகளில் போனது, ஏழு திரும்பி வந்தது. ஒன்றை மேனேஜர் ரெண்டாவது கேள்விவரை தின்றுவிட்டான். 'இந்தப் பருவத்தில் எத்தனை முறை பள்ளிக்கு வந்தீர்கள்' என்ற கேள்விக்கு ஆறு பேர் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள், ஒருவர் ஒன்று என்று எழுதியிருந்தார். அவரும் மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவர். சரிவுப் பாதை எப்படி, வகுப்பு எப்படி, வண்டியில் போன பருவம் மாட்டிய புது பெல்ட் எப்படி என்று கேட்டதற்கெல்லாம் ஏழு பேரும் 'மிக நன்று' கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். வரிசையாக, மேலிருந்து கீழே, அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்ததுபோல.

பலகை மேடம் நேரில் வந்து வேனின் படியில் உட்கார்ந்தாள்.

"பெத்தவங்க உங்ககிட்ட பேசுவாங்களாக்கா?"

"பேசுவாங்களாவா? காது ரெண்டும் தேஞ்சு போச்சு மேடம். ஒரு நாளைக்கு லட்சம் பேச்சு."

"லட்சமா?"

"குறைச்சுத்தான் சொல்றேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பிக் காட்டினாள். "இந்தக் கட்டத்துல மூணு இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கு. லட்சம் இதுல நுழையாது. நான் கேட்கிறதுக்குக் காரணம் இருக்குக்கா. வண்டி இல்லாத பள்ளிக்கூடங்கள்ல பெத்தவங்க தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுறாங்க. அங்கெல்லாம் பெற்றோர் பங்கேற்பு நூத்துக்குத் தொண்ணூறு. வண்டி இருக்கிற இடத்துல பத்துகூட வரல. அதனால வண்டியை நிறுத்திட்டா பெத்தவங்க தானா உள்ள வருவாங்கன்னு மேல ஒரு யோசனை ஓடுது."

டிரைவர் அண்ணன் இருமினார்.

"தானா வருவாங்களா?" என்றாள் லட்சக்கா. "மேனேஜரோட அம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா? என் தோளுக்கு வர மாட்டா. அவ அவனை மூணு மாடி இறக்கி, பஸ்ல ஏத்தி, மாத்தி ஏத்தி... மேடம், நாலு பிள்ளைங்க அன்னைக்கோட நின்னுடும். நாலு. பேர் சொல்லவா?"

டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் வாயிலிருந்து நாலு என்று கேட்டது அவருக்கு அன்றுதான் முதல் தடவை.

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா புரியுதுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு வரேன். எண்ணிப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தா காட்டுங்க."

டீச்சர் தன் நோட்டை நீட்டிப் பார்த்தார். அதில் 'பால் வேண்டாம்', 'மதியம் தூங்கட்டும்' என்றெல்லாம் இருந்தது. யார் சொன்னது என்று இல்லை. பலகை மேடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயந்தரம் டீச்சர் லட்சக்காவை உட்கார வைத்தார். "உங்க லட்சத்தை வச்சு நான் என்ன பண்றது? இனிமே கிளிப்பைக் கழட்டித் திருப்பித் தரமாட்டேன். பிள்ளைக்கு ஒரு கயிறு, ஜன்னல் கம்பியில தொங்கவிடுவோம். சேதி வந்தா அதுல மாட்டுங்க. நாள் முடிஞ்சா ஒரு முடிச்சு. ஒரு சேதிக்கு ஒரு கிளிப்பு. அவங்க வாயால சொன்னது மட்டும்தான். 'வரேன்க்கா, போறேன்க்கா'ல்லாம் கணக்குல வராது. பிள்ளையைப் பத்தி இருக்கணும்."

"கண்ணால சொன்னா?"

"வாயால."

பதினோரு கயிறு ஜன்னலில் தொங்கியது. ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையின் படம்.

கிளிப்பு திரும்பி வராது என்பதன் அர்த்தம் மூன்றாம் நாள்தான் புரிந்தது. வீட்டில் இருந்த முப்பதும் தீர்ந்துவிட்டது. கடையில் விற்பதெல்லாம் ஒரே வெள்ளை. லட்சக்கா பக்கத்து வீட்டில் பச்சை கேட்டாள், எதிர் வீட்டில் சிவப்பு கேட்டாள், மாடி வீட்டில் கேட்காமலே எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு காற்று அடித்தது பாருங்கள்! தெருவில் ஒரு கொடியிலும் கிளிப்பு இல்லை. போர்வைகள் பறவைக் கூட்டம்போலக் கிளம்பின. எதிர் வீட்டுக்காரரின் கால்சட்டை மின்கம்பத்தில் ஏறி, தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மாடி வீட்டம்மாவின் ரவிக்கை மூன்று தெரு தாண்டி ஒரு பல் டாக்டரின் பெயர்ப்பலகைமேல் உட்கார்ந்தது.

லட்சக்காவின் புருஷன் டெய்லர். வாசலில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். "ஊருக்குத் துணி தச்சுக் கொடுத்து ஒருத்தன் பொழைக்கிறான். பொண்டாட்டி ஊர்த் துணியையே பறக்கவிடுறா. நல்ல ஜோடி."

"வண்டி நின்னா நான் வீட்டுல இருப்பேன், தெரியும்ல? இருபத்திநாலு மணி நேரமும். பேசிக்கிட்டே."

டெய்லர் எழுந்துபோய்த் தன் தையல் பெட்டியில் ஒளித்துவைத்திருந்த ரெண்டு நீலக் கிளிப்பையும் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார்.

கயிறுகள் நிறைந்துகொண்டு வந்தன. பாட்டுக்காரியின் அம்மா முப்பது விநாடியில் மூன்று சேதி சொல்லக்கூடியவள். அவள் கயிறு தோரணம்போலத் தொங்கியது. மேனேஜர் வீட்டில் தினமும் ஒன்று தவறாது. பத்துக் கயிறு இப்படி. பதினோராவது துரையின் கயிறு. அதில் முடிச்சுகள் மட்டும்.

துரையின் அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். அம்மா வீட்டில் இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். இருக்கையில் சாய்ப்பார். பிள்ளையின் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டு, நாலாக மடித்த ஒரு கைக்குட்டையைக் காலருக்குள் செருகி நீவிவிடுவார். ஒரு தலையசைப்பு. போய்விடுவார். இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. டிரைவர் அண்ணன் அவருக்கு வைத்த பேர் பூட்டு.

"துரை, இந்த வெக்கையில எவனாச்சும் கழுத்துவரை பட்டன் போட்டுக் கைக்குட்டையும் கட்டுவானா? எந்த ஊர்ல சார் உங்களுக்கு மீட்டிங்?" என்று லட்சக்கா தினமும் கேட்பாள். துரை ஓரமாகச் சிரிப்பான்.

ஆறாம் நாள் அவள் பொறுக்கமாட்டாமல் வண்டியிலிருந்தே குனிந்து, "சார், கணக்கெடுக்கிறாங்க. பையனைப் பத்தி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். தூங்கினான், தூங்கல, ஏதாவது. வாயைத் திறந்தா பல்லு கொட்டிடாது" என்றாள். பூட்டு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோலக் கை பிள்ளையின் காலர் பக்கம் போனது. பின்னால் ஒரு ஹாரன். தலையசைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் சாயந்தரம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்த வந்தபோது வகுப்பறையில் ஆள் இல்லை. மறுநாள் காலை பலகை மேடம் வருகிறாள். லட்சக்கா ஜன்னல் முன்னால் நின்றாள். டிரைவர் அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார்.

"எத்தனை ஆச்சு?"

அவள் விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை எண்ணினாள். "எண்பத்தாறு."

"அதுக்கென்ன, நல்ல எண்ணுதான். இந்த ஒண்ணுதான் மொட்டையா நிக்குது." அவர் துரையின் கயிற்றைச் சுண்டிவிட்டார். "ரெண்டு பச்சை, ஒரு மஞ்சள் மாட்டிடு லட்சம். யாருக்குத் தெரியப் போகுது? நீ ஒரு நாளைக்கு அடிச்சுவிடறதுல இது தூசு."

நியாயமான பேச்சு. அவள் பையில் ஐந்தாறு கிளிப்பு இருந்தது. ஒரு மஞ்சளை எடுத்து மூன்றாவது முடிச்சுக்குப் பக்கத்தில் மாட்டினாள். மூன்றாம் நாள் துரை தூங்கவில்லை. அப்படித்தானே இருந்திருக்கும்? எந்தப் பிள்ளைதான் தினமும் தூங்குகிறது? தள்ளி நின்று பார்த்தாள். மற்ற கயிறுகளில் இருந்த மஞ்சளுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இது மஞ்சள் என்றால் டீச்சர் அன்றைக்குத் துரையை மதியம் தூங்க வைத்திருப்பார். சிவப்பு என்றால் பால் கொடுத்திருக்கமாட்டார். இந்தக் கிளிப்பு பொய் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை பட்டினி கிடக்கும். அவளுக்கு அது தெரியும், மேனேஜர் மேசையைத் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வாய் லட்சம் சொல்லட்டும். அது வாய். வாயை யாரும் நம்புவதில்லை.

மஞ்சளைக் கழற்றினாள்.

"என்னம்மா?"

"வேணாம்ண்ணே. மொட்டையாவே இருக்கட்டும்."

"வண்டி நின்னுட்டா?"

"நின்னுட்டா நீங்க லாரி ஓட்டப் போங்க. நான் உங்க பக்கத்துல கிளீனரா வரேன், பேசிக்கிட்டே போலாம்."

"அதுக்கு வண்டியே ஓடட்டும், சாமி" என்று டிரைவர் அண்ணன் விளக்கை அணைத்தார்.

மறுநாள் பலகை மேடம் ஜன்னல் முன்னால் நின்று ஒவ்வொரு கயிறாகப் பார்த்தாள். பிறகு பாட்டுக்காரியின் கயிற்றில் நடுவில் ஒரு மஞ்சளைத் தொட்டாள். "இது?"

"அஞ்சாம் நாள். மேல் வீட்டுல ராத்திரி சுவத்துல துளை போட்டிருக்காங்க. இவ காதைப் பொத்திக்கிட்டு உக்காந்தே இருந்தாளாம். அவங்கம்மா சொன்னா."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். ஐந்தாம் நாள்: 'சத்தம் வேண்டாம். மதியம் தூங்கட்டும்.'

"இந்தப் பச்சை?"

"மேனேஜரு. செருப்பை அவனே தேடி எடுத்தானாம். ஒத்தைச் செருப்புதான். அதுவும் அவங்கப்பா செருப்பு. ஆனா எடுத்தான்."

இப்படி ஒன்பது கிளிப்பு கேட்டாள். ஒன்பதுக்கும் வாசலும் வாயும் நாளும் வந்தது, நோட்டும் ஒத்துப்போனது. கடைசியில் அவள் விரல் பதினோராவது கயிற்றில் நின்றது.

"இவங்க?"

"பேச மாட்டாரு."

"ஒரு தடவைகூடவா?"

"பூஜ்யம்."

"ரெண்டு மாட்டியிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஒண்ணு மாட்டினேன். கழட்டிட்டேன்." லட்சக்கா அந்த வாந்திக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது லட்சம் எதுவும் வரவில்லை.

பலகை மேடம் முதல் தடவையாகப் பலகையை மடியில் வைத்துவிட்டாள். "இந்த ஒரு கயிறு காலியா இருக்கிறதாலதான் அக்கா மத்த எண்பத்தாறையும் நான் நம்புறேன்."

லட்சக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. சந்தோஷத்தில் பழைய லட்சம் எட்டிப் பார்த்துவிட்டது. "இன்னொண்ணும் எழுதிக்கோங்க மேடம். எண்பத்தாறு பேச்சுல எங்களைப் பத்தி ஒரு குறை கிடையாது. வண்டியைப் பத்தி இல்ல, பள்ளிக்கூடத்தைப் பத்தி இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட! இப்படி வண்டி லட்சத்துல ஒண்ணு."

"ஆமா" என்றாள் அந்தப் பெண், எழுதிக்கொண்டே. "அதுதான் எனக்கு இடிக்குது."

அது என்ன பேச்சு என்று லட்சக்காவுக்கு அப்போது விளங்கவில்லை. பாராட்டைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத படிப்பு என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வண்டி ஓடும். அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்கள். எல்லா வண்டிகளிலும் வாசலில் நடக்கும் பேச்சை இனிமேல் பங்கேற்பாகவே எண்ண வேண்டும். கீழே ஒரு வரி, கண்டிப்பாகப் பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று: குறை சொல்வதால் எந்தப் பிள்ளையின் இடமும் போகாது.

லட்சக்கா பதினோரு வாசலிலும் சொன்னாள். அவளுடைய பாணியில்தான். "வண்டி நிக்காது! லட்சம் குறை சொன்னாலும் நிக்காது! என்னையே திட்டினாலும் நாளைக்கு இதே முகத்தைத்தான் பார்க்கணும்!" எல்லோரும் சிரித்தார்கள். பூட்டு தலையசைத்தார்.

மூன்றாம் நாள் காலை. அவர் பிள்ளையைச் சாய்த்தார், பட்டன் போட்டார், கைக்குட்டையைச் செருகினார். ஆனால் போகவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி நிக்காதுன்னீங்க."

லட்சக்காவுக்கு அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. யார் பேசுவது என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். "நிக்காது சார்."

"பெல்ட்டு." அவர் துரையின் பட்டனைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். "இந்தப் புது பெல்ட்டு உரசுது. மாட்டின நாள்லேர்ந்து."

கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு புண். ஓரம் காய்ந்து, நடுவில் சிவந்து. தினம் ரெண்டு தடவை அந்த பெல்ட்டை இழுத்து மாட்டிய கை லட்சக்காவின் கை. ஹாரன் அடித்தது. அவள் காதில் விழவில்லை.

"ஏன் சார்... ஏன் சொல்லல? வாயை வாடகைக்கா விட்டிருந்தீங்க?"

"முன்ன ஒரு இடத்துல இவன் படிச்சான். அங்க ஒரு தடவை குறை சொன்னேன்." அவர் கைக்குட்டையை மறுபடி நாலாக மடித்தார். "மறுநாள் வண்டி வரல. அப்புறம் வரவே இல்ல."

அவ்வளவுதான் பேசினார். கைக்குட்டையை அவளிடமே கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

துரை அரைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கைக்குட்டையைச் செருகினாள், அவர் நீவியதைப்போலவே நீவிவிட்டாள். எந்த ஊரில் மீட்டிங் என்று கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டாமல், பள்ளிக்கூடம்வரை ஒரு கையால் அவனை அணைத்துப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தாள். டிரைவர் அண்ணன் அன்று நத்தைக்கு வழிவிட்டு ஓட்டினார்.

வகுப்பில் மற்ற காலர்களையும் திறந்து பார்த்தார்கள். இன்னும் ரெண்டு கழுத்தில் தடம். ஒன்று பாட்டுக்காரியுடையது. முப்பது விநாடியில் மூன்று சேதி சொல்லும் அம்மா, இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 'புது பெல்ட்: மிக நன்று' என்று ஏழு டிக் வாங்கிய பெல்ட்.

சாயந்தரம் லட்சக்கா தையல் மெஷின் முன்னால் போய் நின்றாள். "பெல்ட்டுக்கு உறை வேணும். உள்ள பஞ்சு வச்சு, மெத்துன்னு. நாளைக் காலையில."

"எத்தனை?"

"பதினொண்ணு."

டெய்லர் மெஷினை நிறுத்தினார். "உடம்பு சரியில்லையா உனக்கு?"

"தைங்க முதல்ல."

மறுநாள் ஒவ்வொரு வாசலிலும் அவள் உறை போட்ட பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, "இது எங்க தப்பு. வேற என்ன இருக்கு? சொல்லிடுங்க" என்றாள். இரண்டு வாசலில் சிரித்து மழுப்பினார்கள். மூன்றாவது வாசல் பாட்டுக்காரியுடையது. அவள் அம்மா உறையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அணை உடைந்தது. "சொல்லவாக்கா? வண்டி ஒரு நாள் ஏழே முக்காலுக்கு வருது, ஒரு நாள் எட்டேகாலுக்கு வருது. நீங்க போடுற பாட்டு சத்தம் இவளுக்கு ஆகல. அந்த அண்ணன் பிரேக் போட்டா குடல் வாய்க்கு வருது. அப்புறம் நீங்க..."

"நானா?"

"கொஞ்சம் கம்மியா பேசலாம்க்கா."

டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். பின்னால் நாலு கார் கத்தியது.

குறைக்கு என்ன நிறம் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. வெள்ளை என்று முடிவாயிற்று. கடையில் வேண்டிய மட்டும் கிடைக்கும், தெருக்காரர்களும் பிழைத்தார்கள். லட்சக்கா முதல் வெள்ளையைப் பதினோராவது கயிற்றில், முந்தின நாள் முடிச்சுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பிறகு மற்ற கயிறுகளுக்குப் போனாள்.

"எத்தனைக்கா குறை?" என்று டீச்சர் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்.

"லட்சம் டீச்சர், லட்சம்! ஊரே சேர்ந்து என்னைத் துவைச்சுக் காயப்போட்டுடுச்சு" என்றாள் அவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"பதினாலு."